யார் முகத்தில் விழிப்பது

மாமியாருக்கு இன்னும் உயிர் போகவில்லை. அதற்குள் வீட்டில் குழியைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. பேச்சை எடுத்தவளும் மாமியார்தான்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாய்க்குப் பிடித்ததென்று எதுவும் உள்ளே இறங்கவில்லை. கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றினால் பாதி கழுத்து வழியாக வழிந்தது. கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு வந்தது. முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தார்கள். மழைக்காலம். ஜன்னலைத் திறந்தால் சாரல் அடித்தது. மூடினால் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"தோட்டத்துல இடமே இல்லையாமே?" என்றாள் மாமியார். சபையின் கல்லறைத் தோட்டத்தைச் சொன்னாள்.

"ஆமா அத்தை. புதுக் குழி தோண்ட விடமாட்டேங்கறாங்க. குடும்பத்துக் குழி ஏதாவது இருந்தா அதைத் திறந்துக்கலாமாம்."

"நமக்குத்தான் இருக்கே. என் பிள்ளை குழி இருக்கே." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "அவன் எலும்பை ஓரமா ஒதுக்கிட்டு என்னை வைக்கட்டும். உன் காலம் வரும்போது உன்னையும் அதுலயே வைக்கச் சொல்லிடு. எக்காளம் ஊதுற அன்னைக்கு மூணு பேரும் ஒண்ணா எழுந்திருப்போம். குடும்பமா."

மருமகள் எழுந்துபோய் வெந்நீர் கொண்டுவந்தாள். கிழவியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் புண் வைத்திருந்த இடத்தை வெந்நீர்த் துணியால் ஒற்றி எடுத்து, பவுடர் போட்டாள். பிறகு மகளை எழுப்பிப் பாட்டியின் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். மகளுக்குத் துணிக்கடையில் வேலை. கடை திறக்க நேரமாகும் என்பதால் காலையில் அவள் காவல். அவள் போன பிறகு சபைப் பெண்கள் யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

இறால் ஷெட்டில் மருமகளுக்குக் கோணக்கை என்று பெயர். அங்கே சொந்தப் பெயரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஓயாமல் பேசுகிறவள் ரேடியோ. உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறவள் கலெக்டர். தகரக் கூரை, எப்போதும் ஈரமான சிமெண்டுத் தரை, நீள நீளமான அலுமினிய மேசைகள். லாரியிலிருந்து ஐஸோடு வாரிக் கொட்டிய இறாலுக்கு இருபுறமும் பெண்கள் நின்றுகொண்டு உரிப்பார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகோடு ஓடும் கறுப்பு நரம்பை நகத்தால் இழுத்து எறிய வேண்டும். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். சாயங்காலம் கையைக் கழுவும்போதுதான் எங்கெங்கே முள் குத்தியிருக்கிறது என்று தெரியும்.

அவளுடைய வலது முழங்கை ஒருகாலத்தில் ஒடிந்து, சரியாகக் கட்டப்படாமல், வளைந்தபடியே கூடிவிட்டது. கையை நீட்ட முடியாது. அதனால் மேசைக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்று உரிப்பாள். அப்படியும் அவள் கூடை மற்றவர்களுக்கு முன்னால் நிறைந்துவிடும். புதிதாக வருகிற பெண்கள் கையைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு அக்கா என்று கேட்பார்கள்.

"விழுந்துட்டேன்" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அவள் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். சபையில் அவனுக்கு நல்ல மதிப்பு. ஆராதனையில் வேதபாடம் வாசிப்பான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டி தூக்க முதல் ஆளாக நிற்பான். அவன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் உயர்த்தமாட்டான். "உள்ளறைக்குப் போ" என்று மெதுவாகச் சொல்வான். பின்னாலேயே வந்து கதவைத் தாழிடுவான்.

கதவு தாழிடும் சத்தம் கேட்டதும் மாமியார் முன்னறையில் உட்கார்ந்து பாட ஆரம்பிப்பாள். எல்லாம் துதிப் பாட்டுகள். உள்ளே அலறல் ஏற ஏற வெளியே சுருதி ஏறும். நல்ல கணீரென்ற குரல். சாயங்காலமானால் அந்த வீட்டில் ஜெபந்தான் என்று தெரு மெச்சியது. கிழவிக்குப் பாட்டுக்காரம்மா என்று பெயர் வந்ததே அப்படித்தான்.

அவன் கிரேனின் உச்சியில் இருந்தபடியே மாரடைத்துச் செத்தான். கயிறு கட்டித்தான் உடலை இறக்க வேண்டியிருந்தது. அடக்கத்தன்று போதகர் அவனை நல்ல மகன், நல்ல தகப்பன், நல்ல கணவன் என்று வரிசையாகச் சொல்லி, அவள் பக்கம் திரும்பி, "கலங்காதே மகளே, உயிர்த்தெழுதலின் காலையில் அவரை மறுபடியும் காண்பாய்" என்றார். அவள் உடம்பு உதறியது. துக்கம் தாளவில்லை என்று நினைத்துப் பெண்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அதுவரை உயிர்த்தெழுதல் என்றால் அவளுக்கு வெள்ளைப் பூக்களும் விடியற்காலை ஆராதனையும்தான். அன்றிலிருந்து அந்த வார்த்தை அவன் முகத்தோடு வந்தது. சாவுக்கு அவள் பயப்படவில்லை. சாவுக்கு மறுநாள் காலைக்குப் பயந்தாள். சபைக் கோயிலில் எல்லோரும் எழுந்து நின்று விசுவாச அறிக்கை சொல்லும்போது, சரீரம் எழும் என்ற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வாள்.

மாமியார் குழிப் பேச்சு எடுத்த அன்று மத்தியானம், ஷெட்டுக்கு லாரி வரவில்லை. அவள் நேராகக் கோயிலுக்குப் போனாள். போதகர் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, கூரை ஒழுகும் இடங்களில் வாளி வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "அம்மாவுக்கு எப்படியிருக்கு?" என்றார்.

"இழுத்துக்கிட்டிருக்கு. ஐயா, ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக்கூடாது."

"கேளும்மா."

"செத்தவங்க எழுந்திருக்கும்போது யார் பக்கத்துல யார் எழுந்திருப்பாங்க? குழியில வச்ச வரிசைப்படியா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "அப்படியெல்லாம் எங்கேயும் எழுதலையேம்மா. நீ கவலைப்படாத. உன் வீட்டுக்காரரைக் கட்டாயம் பார்ப்பே."

"பார்க்கக் கூடாதுன்னு கேக்குறேன் ஐயா."

அவர் கையில் வாளியோடு நின்றார். அவள் சட்டைக் கையை மேலே தள்ளி முழங்கையைக் காட்டினாள். "இது விழுந்து ஒடிஞ்சது இல்ல. அவர் ஒடிச்சது. கதவு இடுக்குல வச்சு."

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் மற்றதையும் சொன்னாள். அழாமல், ஷெட்டில் மேஸ்திரியிடம் சரக்கு நிலவரம் சொல்வதுபோலச் சொன்னாள். பாட்டைப் பற்றிச் சொன்னபோது போதகர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அடக்கத்துல நான் என்னென்னமோ பேசினேனே" என்றார்.

"நல்லாத்தான் பேசினீங்க. எல்லாரும் அழுதாங்க."

பிறகு அவர் சொன்னார்: "பரலோகத்துல கல்யாணம் கிடையாதும்மா. ஆண்டவரே சொல்லியிருக்காரு. அங்க நீ யாருக்கும் பெண்டாட்டி இல்ல."

"பெண்டாட்டியா இல்லாட்டி என்ன ஐயா? அவர் கை அவர்கிட்டதானே இருக்கும்?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "அவன் மாறித்தான் எழுந்திருக்கணும். மாறாம யாரும் அங்க நிக்க முடியாது."

"மாறுவாரா?"

"தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய்." அவர் தலையைத் தடவிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். செத்துப்போன லாசருவை ஆண்டவர் எழுப்பினப்போ அவன் பழைய வீட்டுக்கே திரும்பிப் போனான். பழைய ஜனங்க, பழைய திண்டாட்டம், திரும்பவும் ஒரு சாவு. ஆண்டவர் எழுந்தப்போ அப்படி இல்ல. அவர் பழைய இடத்துக்குத் திரும்பலை. உயிர்த்தெழுதல்னா விட்ட இடத்துலேருந்து தொடர்றது இல்லம்மா. எனக்குப் புரிஞ்சது அவ்வளவுதான்."

அவள் யோசித்தாள். "அப்போ இந்தக் கை நேராயிடுமா?"

"ஆண்டவர் எழுந்தப்போ ஆணிக் காயம் அப்படியேதான் இருந்துச்சு. அதைக் காட்டித்தான் நான்தான்னு சொன்னாரு."

"அவர் காட்டினாரு, பார்த்தாங்க. என்னோடதை யார் பார்த்தா?"

போதகர் எழுந்து வந்தார். குனிந்து, அந்த முழங்கையை நெடுநேரம் பார்த்தார். தொடவில்லை. ஜெபம் செய்யட்டுமா என்றும் கேட்கவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அதற்கடுத்த வாரம் மாமியாருக்குக் கால் வீங்கி நீர் கசிய ஆரம்பித்தது. சபைப் பெண்கள் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மகளும் கடைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். கிழவி மருமகளின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"சொல்லிடுடி. என்கூட, அவன்கூட வர்றேன்னு சொல்லிடு. நிம்மதியாப் போயிடுவேன்."

"கஞ்சி குடிக்கிறீங்களா அத்தை?"

"சொல்லு."

"சொல்லிடேன்" என்றாள் சபைப் பெண்களில் மூத்தவள். "சாகப்போற மனுஷி கேக்குறாங்க. ஒரு வார்த்தைதானே."

மருமகள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் சொன்னாள்: "மாட்டேன் அத்தை. உங்களை நீங்க கேட்ட இடத்துலயே வைக்கிறேன். ஒரு குறையும் வைக்கமாட்டேன். ஆனா நான் அங்க வரமாட்டேன். எழுந்திருக்கிற அன்னைக்கு அவர் முகத்துல முழிக்கமாட்டேன்."

ஒருத்தி, "ஆண்டவரே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பாட்டிகிட்ட ஒரு பொய் சொன்னா என்னம்மா?"

"இத்தனை வருஷம் கையைப் பத்திப் பொய் சொன்னேன். செத்த பிறகு நடக்கப்போறதுக்குமா பொய் சொல்லணும்?"

"அப்பா அப்படி என்ன பண்ணிட்டாரு? கோபம் வரும். எந்த வீட்ல வராது?"

அம்மா மகளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கிவைத்தாள். "கஞ்சி ஆறிடும்" என்றாள்.

மறுநாளிலிருந்து கிழவிக்கு நினைவு தப்பியது. கூரையைப் பார்த்து யார் யாரோடோ பேசினாள். விரல்கள் போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருந்தன. இன்றைக்குத் தாண்டாது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மத்தியானம் பெண்கள் வந்து, நல்லபடியாக அனுப்பிவைக்கலாம் என்று அவளுக்குப் பிடித்த பாட்டைத் தொடங்கினார்கள். மகள்தான் எடுத்துக் கொடுத்தாள். அவள் பாடகர் குழுவில் பாடுகிறவள், பாட்டியின் குரல் அப்படியே அவளுக்கு வாய்த்திருந்தது.

இரண்டாவது அடி வருவதற்குள் கிழவி கண்ணைத் திறந்தாள்.

"நிறுத்துங்கடி."

புரியாமல் அவர்கள் தொடர்ந்து பாடினார்கள். கிழவி எழுந்திருக்கப் பார்த்தாள். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, கட்டில் ஆடியது.

"பாட்டை நிறுத்துங்கடி! உள்ள அவ கத்துறா. காதுல விழலை? கதவைத் திறங்க!"

பாட்டு அறுந்தது. மகள் பாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாரும் கத்தலை பாட்டி. யாரு கத்துறது?" என்றாள்.

"என் மருமக. கைய ஒடிச்சிட்டான். பாவி, ஒடிச்சிட்டான். நான் இங்க உக்காந்து பாடிக்கிட்டிருக்கேன். யாராவது கதவைத் திறங்களேன்!"

மருமகள் சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றிருந்தாள். பெண்கள் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்வையை அந்த முழங்கைக்கு இறக்கினார்கள். மகளும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த கை.

அவள் கட்டிலருகே வந்து, "நான் இங்கதான் இருக்கேன் அத்தை" என்றாள்.

கிழவிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "நீ யாரும்மா? உனக்குப் புண்ணியமாப் போகும், போய்க் கதவைத் திற."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஒருகாலத்தில் எவ்வளவோ ஏங்கியிருக்கிறாள். வந்தபோது அது வழியில் போகிற யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல வந்தது. அவள் நின்றாள். பிறகு உள்ளறைக்கு நடந்தாள். சாரல் அடிக்காமல் இருக்கச் சாத்தி வைத்திருந்த கதவு மழையில் ஊதிப்போய்ச் சட்டத்தில் இறுகியிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கிறீச்சென்று திறந்தது. உள்ளே ஒரு பழைய மேசை, மடித்த துணிகள், மூலையில் அரிசி டின். அவ்வளவுதான்.

"திறந்துட்டேன்" என்றாள்.

"அவ வெளிய வந்துட்டாளா?"

அவள் உள்ளறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "வந்துட்டா."

கிழவி தலையணையில் சாய்ந்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை. சாயங்காலம், யாரும் பாடாத அறையில், மூச்சு இரண்டு முறை நீளமாக வந்து நின்றுபோனது.

குழி திறக்கிறபோது குடும்பத்திலிருந்து ஒருவர் நிற்க வேண்டும் என்பது தோட்டத்தின் வழக்கம். அவள் போனாள். மகளும் கூடவே வந்தாள். முந்தைய நாளிலிருந்து மகள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தோட்டம் தாழ்வான இடம். மழைத் தண்ணீர் கல்லறைகளுக்கு இடையில் ஓடியது. குழிவெட்டி இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டு, மண்வெட்டியை வைத்துவிட்டுத் தகர டப்பாவால் சேற்றுநீரை இறைத்தான். பெட்டி மக்கிப் போயிருந்தது. எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரில் அலசி, சாக்கின் மேல் வைத்தான்.

"அண்ணே, வலது கை எது?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. விரல் எலும்பெல்லாம் உதிர்ந்து ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு." ஒரு பிடி அள்ளிக் காட்டினான். சேறு அப்பிய சின்னச் சின்னத் துண்டுகள். "இதுல ஏதாவது ஒண்ணா இருக்கும்."

இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. அதற்காகப் பயம் போய்விடவில்லை. எலும்பிலிருந்து எழுப்புகிறவர் இருக்கிறார் என்று அவள் நம்பினாள், நம்பியதால்தான் பயந்தாள். நனைந்த தலையோடு நின்று மனதுக்குள் சொன்னாள்: ஆண்டவரே, இவரையும் நீர் எழுப்பத்தான் போகிறீர். வேண்டாமென்று சொல்ல நான் யார்? எழுப்பும். ஆனால் அன்றைக்கு எனக்கும் அவருக்கும் நடுவில் நீர் வந்து நில்லும்.

நெடுநாளைக்குப் பிறகு அவள் செய்த ஜெபம் அது. ஜெபித்து முடித்ததும் பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

அடக்கத்துக்குக் கூட்டம் குறைவு. மழையைக் காரணம் சொல்லிப் பலர் வரவில்லை. வந்தவர்கள் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. போதகர் செத்தவளின் பெருமை எதையும் பேசவில்லை. "நம்மெல்லார் கதவையும் திறக்கிறவர் இவள் கதவையும் திறக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மண் போட்டார். மகனின் எலும்புச் சாக்கு தாயின் காலடியில் வைக்கப்பட்டது. குழிவெட்டி மேலே பார்த்து, "இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு மூடட்டுமாம்மா? பின்னால உங்களுக்கு வசதியா இருக்கும்" என்றான்.

"வேண்டாம்ணே. நிரவிடுங்க."

போதகர் அருகில் வந்தார். "அப்போ உனக்கு?"

"ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பொது மயானம் இருக்கே. கேக்க ஆளில்லாதவங்களைப் புதைக்கிற இடம். அங்க வைக்கச் சொல்லிடுங்க."

"அது நம்ம சபை இடம் இல்லையேம்மா. பக்கத்துல யார் யாரோ கிடப்பாங்க."

"கிடக்கட்டும் ஐயா. அவங்க யாரும் என்னை அடிச்சதில்ல. எழுப்புறவருக்கு வழி தெரியாமலா போயிடும்?"

வீட்டுக்கு வந்து, முன்னறைக் கட்டிலைப் பிரித்துப் பின்பக்கம் சாய்த்தார்கள். மெத்தையை எரிக்க முடியாது, மழை விடவில்லை. தரையை டெட்டால் தண்ணீரால் கழுவினார்கள். அம்மா தண்ணீரை ஊற்ற, மகள் துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளினாள். பாதியில் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் கைதட்டினேன்."

"என்னது?"

"பாட்டி பாடும்போது என்னை மடியில உக்கார வச்சுக்கும். தட்டு, பலமாத் தட்டுன்னு சொல்லும். நான் விளையாட்டுன்னு நினைச்சேன்மா. நீ உள்ள... நான் வெளிய தட்டிக்கிட்டிருந்தேன்." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாததுபோல அப்படியே ஏந்திக்கொண்டிருந்தாள்.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். ஈரத்தரையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தெரியும்டி."

"தெரியுமா?"

"பாட்டெல்லாம் அந்த நேரத்துல எனக்குக் கேக்காது. காது அடைச்சிடும். உன் கைதட்டு மட்டும் கேக்கும். சின்னக் கை, தாளத்துக்கு முன்னப்பின்னதான் விழும். சரி, பாப்பா வெளிய இருக்கா, அவளை ஒண்ணும் பண்ணலைன்னு நினைச்சுக்குவேன். அதைக் கேட்டுக்கிட்டுத்தான் கிடப்பேன்."

மகள் அழுதாள். தொண்டையிலிருந்து சத்தமே வராத அழுகை. நல்ல குரல் உள்ளவள் அப்படி அழுது அம்மா பார்த்ததில்லை.

"பாட்டியை மன்னிச்சிட்டியாம்மா?"

"தெரியலடி. கதவைத் திறந்தேன். அவ்வளவுதான் தெரியும்."

மகள் குனிந்து, வளைந்த அந்த முழங்கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மழைக்காலத்தில் அங்கே லேசாகத் தொட்டாலும் சுரீரென்று வலிக்கும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.